சாண எரிவாயுவின் உஷ்ணத்தைக் கொண்டு அதன் கலப்பை அறியும் முறை

சாண எரிவாயுத் தொட்டி அமைத்திருக்கும் குடியானவர்கள் வாயுவின் அளவைக் கவனிப்பார்களேயன்றி அதன் தரத்தைக் கவனிப்பது அரிது. தொட்டியின் மீதுள்ள மிதவைக் கலம் உயர்ந்து நின்றால் போதிய வாயு உண்டாகியிருக்கிறதென்று திருப்தியடைந்து விடுகிறார்கள். ஆயினும் கலம் நிறைந்திருந்தும் உலை கொதிக்கத் தாமதமாவதும், சுடர் நிலையாய் நில்லாமல் அடுப்பின் வாயைவிட்டு எழும்பி அணைந்து போவதும் அனுபவத்தில் உண்டு. பாலைப் படியால் மாத்திரம் அளந்து வாங்குகிறவர் அதில் எத்தனை பங்கு நீர் என்பதை அறியார். வாயுவைக் கலத்தின் உயரத்தால் மாத்திரம் அளக்கிறவரின் நிலையும் இதுவே.

சாணவாயு ஒரே பொருளன்று. அதில் எரியும் தன்மையுள்ள பகுதி மீதேன் என்னும் வாயுவாகும். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமிலவாயு. இது பாழுங்கிணற்றின் அடியில் தங்கி, இறக்கிய விளக்கை அணைத்துவிடும் அதே வாயுதான். எரிவதற்கு இது உதவாததோடு, அடுப்பில் தானும் சூடேறி உஷ்ணத்தில் ஒரு பங்கைக் கவர்ந்து கொண்டு போகிறது. செவ்வையாய் நடைபெறும் சாணத் தொட்டியில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு வரை மீதேன் இருக்கும். அது 45 பங்காகக் குறைந்தால், முன்பு 100 லிட்டர் வாயுவில் முடிந்த சமையலுக்கு 133 லிட்டர் செலவாகும். அண்டை வீட்டாருக்கு அளவு கணக்கில் வாயு விடுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் இது நேரே லாப நஷ்ட விஷயம். தொட்டிகளைப் பார்வையிட்டுச் சான்று எழுதும் கிராம அதிகாரிகளும் இதை அறிந்திருப்பது அவசியம். எவ்வாறெனில், கணக்கில் செய்யும் ஒரு சிறு பிசகு நல்ல தொட்டியைக் கெட்டதென்று எழுதச் செய்துவிடும். அது எப்படி நேருமென்பது பின்னர் விளக்கப்படும்.

மீதேன் மனிதர் அறிவுக்குப் புலனான வரலாறு சுவையானது. 1776-ஆம் ஆண்டில் அலெஸாண்ட்ரோ வோல்ட்டா என்னும் இத்தாலிய அறிஞர் மஜ்ஜோரே ஏரிக்கரையின் சேற்றைக் கோலால் கிளறி, எழும்பிய குமிழிகளைக் குப்பியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். சேற்றில் அழுகும் இலைதழைகளிலிருந்து அந்த வாயு பிறக்கிறதென்பது அதனால் தெரியவந்தது. நமது தேசத்தில் சாணத்தைக் கொண்டு இதை உண்டாக்கும் ஆராய்ச்சி 1939-ஆம் ஆண்டளவில் டில்லியிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் என்பவரால் நடத்தப்பட்டது. ஜஷ்பாய் பட்டேல் 1950-களில் வகுத்த மிதவைக் கலத் தொட்டியைப் பின்னர் கதர் கிராமத் தொழில் கமிஷன் நாடெங்கும் பரப்பிற்று.

உஷ்ணத்தால் கலப்பை அறிவதன் தத்துவம்

ஒரு கிலோகிராம் ஜலத்தை ஒரு டிகிரி சென்டிகிரேட் சூடேற்றத் தேவையான உஷ்ணத்தை ஒரு கிலோகலோரி என்பர். ஒவ்வொரு எரிவாயுவும் முற்றிலும் எரியும்பொழுது லிட்டர் ஒன்றுக்கு இவ்வளவு உஷ்ணம் தருமென்பது மாறாத இயல்பு. பூஜ்ய டிகிரி வெப்பத்திலும், 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்திலும், ஈரமின்றி அளக்கப்பட்ட மீதேன் லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 9.5 கிலோகலோரி தரும். ஹைட்ரஜன் 3.05 கிலோகலோரியும், கார்பன் மானாக்ஸைடு 3.02 கிலோகலோரியும் தரும். கரியமிலவாயுவும் நைட்ரஜனும் எதுவும் தரா.

ஆகவே மீதேனும் கரியமிலவாயுவும் மாத்திரம் கலந்த வாயுவில் கணக்கு மிகவும் எளிது. லிட்டருக்கு 5.7 கிலோகலோரி கிடைத்ததாயின், 5.7-ஐ 9.5-ஆல் வகுக்க 0.60 வரும். அஃதாவது நூற்றுக்கு 60 பங்கு மீதேன். எஞ்சிய 40 பங்கு எரியாதது.

எரியும் வாயுக்கள் இரண்டு கலந்திருந்தால் வியாபாரிகள் அறிந்த கலப்புக் கணக்கே உதவும். கிலோ 40 ரூபாய் அரிசியையும் 60 ரூபாய் அரிசியையும் கலந்ததில் கிலோ 45 ரூபாய் அடக்கமானால், மலிவான அரிசி மூன்று பங்கும் உயர்ந்த அரிசி ஒரு பங்கும் சேர்ந்திருக்கின்றன என்று கடைக்காரர் வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவார். அம்மாதிரியே மீதேனும் ஹைட்ரஜனும் மட்டும் கலந்த ஒரு வாயு லிட்டருக்கு 6.0 கிலோகலோரி தந்தால், 6.0-க்கும் 3.05-க்கும் உள்ள வித்தியாசமாகிய 2.95-ஐ, 9.5-க்கும் 3.05-க்கும் உள்ள வித்தியாசமாகிய 6.45-ஆல் வகுக்க வேண்டும். மீதேன் நூற்றுக்கு ஏறக்குறைய 46 பங்கென்று ஏற்படும்.

அரிசிக் கணக்குக்கு உள்ள வரம்பு இதற்கும் உண்டு. இரண்டு அரிசிகளின் விலையும் ஒன்றாயிருந்தால் கலப்பின் விலையிலிருந்து எதுவும் தெரியாதன்றோ? 1939 முதல் 1945 வரை நடந்த உலக யுத்தத்தின்போது பெட்ரோல் முடையினால் சென்னை மாகாணத்தில் பல பஸ்கள் கரியிலிருந்து எடுத்த வாயுவினால் ஓடின. பஸ்ஸின் பின்புறம் நெருப்புக் கலம் சுமந்து சென்ற அக்காட்சியை முதியோர் வாயிலாகப் பலர் கேட்டிருப்பர். அந்தக் கரிவாயுவில் எரியும் பகுதிகள் ஹைட்ரஜனும் கார்பன் மானாக்ஸைடுமே. எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜன். லிட்டருக்கு 1.2 கிலோகலோரி கிடைத்தால் எரியும் பகுதி இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 40 பங்கு என்று சொல்லலாம். ஆனால் அவ்விரண்டின் உஷ்ணமும் அநேகமாய் ஒன்றேயாதலால், அவற்றில் எது எவ்வளவு என்று உஷ்ணத்தைக் கொண்டு ஒருகாலும் சொல்ல இயலாது. அவற்றுள் கார்பன் மானாக்ஸைடு கொடிய விஷவாயுவாகையால், இந்த அறியாமை அற்பமானதன்று.

சமையலுக்கு உருளையில் வரும் திரவ எரிவாயுவிலும் இதையொத்த ஒரு நுட்பம் உண்டு. அது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. லிட்டர் கணக்கில் முன்னது சுமார் 23.7 கிலோகலோரியும் பின்னது சுமார் 30.7 கிலோகலோரியும் தருவதால், அளவு கொண்டு பரீக்ஷித்தால் கலப்பு தெளிவாய்த் தெரியும். எடைக் கணக்கிலோ கிலோகிராமுக்கு முறையே சுமார் 12,030-உம் 11,830-உம் ஆகின்றன. வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. எடை போட்டு எரித்தவர் கலப்பை அறிய முயல்வது வீண். உபயோகிப்பவருக்கோ இது அனுகூலமே. கலப்பு எவ்வாறாயினும் கிலோவுக்குக் கிடைக்கும் உஷ்ணம் ஏறக்குறைய ஒன்றுதான்.

உஷ்ணத்தை அளக்கும் கருவி

வாயுவின் உஷ்ணத்தை அளக்க ஆய்வுச்சாலைகளில் நெடுங்காலம் உபயோகப்பட்டு வந்த கருவி ஹியூகோ யுங்கர்ஸ் என்ற ஜெர்மானிய எஞ்சினியர் 1890-களில் அமைத்ததாகும். பிற்காலத்தில் ஆகாய விமானங்கள் கட்டிப் பெயர் பெற்றவரும் இவரே. அளவுமானி வழியாக வரும் வாயு ஒரு சிறு அடுப்பில் எரியும். அதைச் சூழ்ந்துள்ள குழாய்களின் வழியே ஜலம் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே செல்லும் ஜலத்தின் வெப்பமும் வெளியே வரும் ஜலத்தின் வெப்பமும் இரண்டு உஷ்ணமானிகளில் தெரியும். ஓடிய ஜலத்தின் எடையை, வெப்பம் உயர்ந்த டிகிரிகளால் பெருக்கினால் கிடைத்த உஷ்ணம் வரும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். அளவுமானியில் 10 லிட்டர் சாணவாயு எரிந்தது. அதற்குள் 6 கிலோகிராம் ஜலம் ஓடி, 8.2 டிகிரி சூடேறிற்று. ஆறை 8.2-ஆல் பெருக்க 49.2 கிலோகலோரி. லிட்டருக்கு 4.92 என்று வைத்துக்கொண்டு 9.5-ஆல் வகுத்தால் மீதேன் 52 பங்குதான் என்று வரும். தொட்டி பழுதென்று எழுதிவிடத் தோன்றும். மேலே குறிப்பிட்ட பிசகு இதுவே.

மீதேனுக்கு 9.5 என்பது பூஜ்ய டிகிரியில் ஈரமின்றி அளந்த லிட்டருக்கு உரிய கணக்கு. தொட்டியிலிருந்து வரும் வாயுவோ 30 டிகிரி வெப்பத்தில் விரிந்திருப்பதுமன்றி, ஜலத்தின் மேல் தங்கியிருந்ததால் நீராவி செறிந்தும் இருக்கிறது. 30 டிகிரியில் அந்த நீராவியின் பங்கு 32 மில்லிமீட்டர் அழுத்தமாகும். அன்றைக்கு வாயுபாரமானி 755 காட்டியது. மிதவைக் கலத்தின் பாரத்தால் உண்டாகும் அதிக அழுத்தம் 7. ஆக மொத்தம் 762. இதில் 32-ஐக் கழிக்க 730. இதை 760-ஆல் வகுத்து, வெப்பத்திற்காக 273-ஆல் பெருக்கி 303-ஆல் வகுத்தால் 0.865 ஆகும். ஆகவே மானியில் காட்டிய 10 லிட்டர் உண்மையில் 8.65 லிட்டரே. 49.2-ஐ 8.65-ஆல் வகுக்க லிட்டருக்கு 5.69 கிலோகலோரி, அதை 9.5-ஆல் வகுக்க 0.60. தொட்டி நல்ல நிலையிலேயே இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான பிசகும் உண்டு. மீதேன் எரியும்போது நீராவி உண்டாகிறது. அந்த ஆவி குளிர்ந்து மறுபடி நீரானால் அதிலுள்ள மறைந்த உஷ்ணமும் சேர்ந்து லிட்டருக்கு 9.5 கிடைக்கும். ஆவியாகவே போய்விட்டால் சுமார் 8.55 மாத்திரமே கிடைக்கும். புத்தகங்களில் இரண்டு எண்களும் காணப்படும். மேற்படி கருவியில் புகை நன்கு குளிர்ந்து நீர் சொட்டுவதால் 9.5-ஐயே கொள்ள வேண்டும். அறியாமல் 8.55-ஆல் வகுத்தவருக்கு மேற்படி வாயுவே 66 பங்குக்கும் மேல் மீதேன் உள்ளதாய்த் தோன்றி, அளவுக்கு மிஞ்சிய புகழைப் பெறும். அடுப்பிலும் எஞ்சினிலும் ஆவி குளிர்வதில்லையாதலால், அங்கு உபயோகமாகும் உஷ்ணத்தைக் கணிப்பதற்கு 8.55-ஏ பொருத்தமானது.

உஷ்ணமானியைப் படிப்பதில் பத்தில் ஒரு டிகிரி தவறினால் மீதேன் கணக்கில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையே நேரும். மேலே சொன்ன இரண்டு பிசகுகளோ ஒவ்வொன்றும் ஆறு முதல் எட்டுப் பங்கு வரை கணக்கைப் புரட்டிவிடுகின்றன. ஆதலால் விலையுயர்ந்த உஷ்ணமானி தேடுவதைவிட அன்றைய வெப்பத்தையும் அழுத்தத்தையும் தவறாமல் குறித்துக்கொள்வதே முக்கியம்.

உஷ்ணம் சொல்லாதது

உஷ்ணத்தினால் மீதேனின் பங்கு தெரியுமேயன்றி, எஞ்சியது யாதென்று தெரியாது. அது முழுவதும் கரியமிலவாயுவாகவும் இருக்கலாம். வெளிக்காற்று கலந்ததாகவும் இருக்கலாம். இதை அறிய இரண்டாவதாக ஒரு பரீக்ஷை வேண்டும். அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழலில் 100 பங்கு வாயுவைப் பிடித்து, காஸ்டிக் சோடாக் கரைசலுடன் குலுக்கினால் கரியமிலவாயு கரைந்து மறையும்; குழலில் அளவு குறைந்தது எவ்வளவோ அவ்வளவே கரியமிலவாயு. காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் வெந்துபோகச் செய்வதாகையால் பழகியவர்களே இதைச் செய்தல் வேண்டும். உஷ்ணத்தால் மீதேன் 60 என்றும், குழலில் கரியமிலவாயு 38 என்றும் வந்தால் கணக்கு ஏறக்குறைய நேராகிறது. கரியமிலவாயு 25 மாத்திரம் வந்தாலோ, மீதி 15 பங்கு காற்றென்று சந்தேகிக்க வேண்டும். புதிதாய்த் தொட்டி நிரப்பியபோதும், மிதவைக் கலத்தைத் தூக்கிப் பழுது பார்த்தபோதும் இவ்வாறு காற்று புகும். காற்றும் மீதேனும் கலந்து, மீதேன் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை உள்ள நிலையில் பொறி பட்டால் வெடிக்கும். ஆகையால்தான் முதன்முதல் நிறைந்த வாயுவைக் கொளுத்தாமல் திறந்த வெளியில் விட்டுவிட வேண்டுமென்று சொல்லப்படுகிறது.

அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் ஸல்பைடும் சாணவாயுவில் சிறிது உண்டு. அதுவும் எரியக்கூடியதேயாயினும், நூற்றில் அரைப் பங்கு அளவில் இருந்தால் அது தரும் உஷ்ணம் கணக்கைப் பாதிக்காது. எஞ்சினின் உள்பாகங்களை அரிப்பதே அதன் தீமை. அது வேறு விஷயம்.

கிராமத்தில் செய்யத்தக்க பரீக்ஷை

ஆய்வுச்சாலைக் கருவி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆயினும் மிதவைக் கலமே ஓர் அளவுமானியாகும். கலத்தின் குறுக்களவு ஒன்றரை மீட்டரானால், அது ஒரு சென்டிமீட்டர் இறங்கும்போது 17.7 லிட்டர் வாயு செலவாகிறது. கலத்தின் பக்கத்தில் சென்டிமீட்டர்க் கோடுகள் வரைந்து வைத்துக்கொண்டு, 10 லிட்டர் ஜலத்தை மூடிய பாத்திரத்தில் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குக் காய்ச்ச வேண்டும். ஜலம் ஏற்கும் உஷ்ணம் 600 கிலோகலோரி. நல்ல அடுப்பு வாயுவின் உஷ்ணத்தில் நூற்றுக்கு 55 பங்கைப் பாத்திரத்திற்குத் தருமென்று கொண்டால், 60 பங்கு மீதேனுள்ள வாயுவில் கலம் ஏறக்குறைய 13.9 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். மீதேன் 45 பங்கானால் 18.5 சென்டிமீட்டர் இறங்கும்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் மறந்து விடுகிறார்கள். ஜலம் காயும் அரைமணி நேரத்திலும் தொட்டியில் புதிய வாயு பிறந்து கொண்டேயிருக்கிறது. நாளொன்றுக்கு 2 கன மீட்டர் தரும் தொட்டியில் அரைமணிக்குச் சுமார் 42 லிட்டர் சேரும், கலம் 2.4 சென்டிமீட்டர் உயரும். ஆகவே பரீக்ஷைக்கு முன்னும் பின்னும் குழாயை மூடி, அரைமணி நேரத்தில் கலம் எவ்வளவு உயர்கிறதென்று பார்த்து, அந்தச் சராசரியை இறக்கத்தோடு கூட்ட வேண்டும். கலம் 11.5 இறங்கியதாகவும், மேற்படி உயர்வு 2.4 ஆகவும் இருந்தால் மெய்யான செலவு 13.9 ஆகும். இப்பரீக்ஷையை விடியற்காலையில் செய்வது உத்தமம். நடுப்பகலில் இரும்புக் கலம் வெயிலில் காய்ந்து, உள்ளிருக்கும் வாயு விரிந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

அடுப்பின் திறமை வீட்டுக்கு வீடு வேறுபடுமாதலால், இம்முறையில் ஒருமுறை கிடைத்த எண்ணைக் கொண்டு மீதேன் இவ்வளவென்று அறுதியிடுதல் தகாது. அதே அடுப்பு, அதே பாத்திரம், அதே ஜல அளவு கொண்டு மாதந்தோறும் செய்து எழுதி வைத்து, முன்னைய எண்ணோடு ஒப்பிடுவதே இதன் பிரயோஜனம். ஆய்வுச்சாலையில் 60 பங்கென்று தெரிந்த நாளில் 13.9 சென்டிமீட்டர் செலவாயிருந்து, பின்னொரு மாதத்தில் 16.7 சென்டிமீட்டர் செலவானால், 60-ஐ 13.9-ஆல் பெருக்கி 16.7-ஆல் வகுக்க, மீதேன் 50 பங்கென்று உத்தேசிக்கலாம்.

குறைவு கண்டால் செய்ய வேண்டியவை

மீதேன் குறைந்ததெல்லாம் தொட்டியின் நோயென்று கொள்ளலாகாது. சோற்றுக் கஞ்சி, மாவு, கரும்புச் சக்கை நீர் முதலிய மாவுப் பொருளும் சர்க்கரைப் பொருளும் சிதையும்போது மீதேனும் கரியமிலவாயுவும் சரிபாதியாகவே பிறப்பது அவற்றின் இயற்கை. எண்ணெய்ப் பசையுள்ள பொருள்கள் மீதேனை அதிகமாய்த் தரும். ஆதலால் தொட்டியில் புதிதாய் என்ன சேர்க்கப்பட்டதென்று முதலில் விசாரிக்க வேண்டும்.

சாணம் மாத்திரமே இட்டுவந்தும் குறைவு கண்டால் காரணம் பெரும்பாலும் புளிப்பு மிகுதியே. தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர்கள் சாணத்தைப் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. மற்றொரு வகை அந்த அமிலத்தை உண்டு மீதேனாக்குகின்றன. பின்னவை மெதுவாய்ப் பெருகுபவை. குளிரையும் திடீர் மாறுதலையும் தாங்காதவை. ஒரேயடியாய் அதிகச் சாணம் இட்டாலும், மார்கழிக் குளிரில் வழக்கமான அளவையே இட்டாலும் அமிலம் தேங்கி, கரியமிலவாயுவே மேலோங்கும். வெளிவரும் கரைசலை லிட்மஸ் காகிதத்தால் சோதித்தால், நல்ல தொட்டியில் நீலமும் சிவப்பும் அதிகமாய் மாறா. நீலக் காகிதம் தெளிவாய்ச் சிவந்தால் புளிப்பு உறுதி. அப்போது ஒரு வாரம் வரை சாணம் இடுவதை நிறுத்தி, நன்றாய் நடைபெறும் வேறொரு தொட்டியின் கழிவுக் கரைசலைச் சில குடம் ஊற்ற வேண்டும். சுண்ணாம்பைச் சிறிதளவு நீரில் கரைத்துச் சேர்ப்பதும் உண்டு. அதிகமாய்க் கொட்டினால் சுண்ணாம்பு கரியமிலவாயுவை உடனே உறிஞ்சி, இரண்டொரு நாள் உஷ்ணம் ஏறினாற்போல் காட்டும். நுண்ணுயிர்களுக்கோ அதனால் கேடே விளையும். ஆகையால் சுண்ணாம்பு இட்ட வாரத்தில் செய்த பரீக்ஷையை நம்பாமல், பத்து நாள் கழித்து மறுபடி செய்தல் வேண்டும். பின்னர் சாணமும் நீரும் சம அளவாய்க் கரைத்து, வழக்கத்தில் பாதியளவில் தொடங்கி, கலத்தின் இறக்கம் பழைய எண்ணுக்குத் திரும்பிய பிறகே முழு அளவு இடலாம்.